மூன்று புள்ளி மஞ்சள் பாப்பாத்தி

"…ரெண்டு புள்ளியைத் தொடச்சுக் களைஞ்சது நான் ஆக்கும், சார். பிள்ளைக்கு அதுல ஒரு பங்கும் கிடையாது" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். வாசகசாலை ஆண்டுவிழா. மேசைக்கு முன்னால், தோளில் கேமரா பையோடு நின்றார். கூட்டம் முழுக்கத் தலையைத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த என் பாப்பாத்திப் படத்தைப் பார்த்தது. எனக்கு அப்போது பத்து வயது. அந்த நிமிடத்தில் மாமாவைவிடப் பெரிய விரோதி எனக்கு உலகத்திலேயே கிடையாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வெள்ளறடைச் சந்தியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் கல்யாணம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "அவன் படம் எடுத்தா பெத்த தள்ளைக்கே மகளை அடையாளம் தெரியாது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது புகழ்ச்சியா பழிப்பா என்று சொன்னவர்களுக்கே நிச்சயமில்லை. மாமா அதைப் புகழ்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

எனக்கோ பாப்பாத்திப் பைத்தியம். வண்ணத்துப்பூச்சிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வாசகசாலையில் ஒரு மலையாளம் சார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைப் போல நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க் கரையோரம் நடப்பார். எங்கள் பஞ்சாயத்தில் பறக்கிற பாப்பாத்திகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர் பெயர் அந்தப் பாப்பாத்திக்கு நேரே ஏறும். நான் வீட்டில் சோற்றுக்கு நடுவில்கூட இறக்கை, நரம்பு, புள்ளி என்று பேசுவேன். "எட்டி, உனக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாம், ஒரு பாப்பாத்தியைப் பிடிச்சுத் தந்தாப் போரும்" என்பாள் அம்மா.

ஒரு நாள் மழை பெய்து, மாமாவுக்கு ஒரு கல்யாண ஜோடியைக் கடற்கரையில் வைத்து எடுக்க வேண்டிய வேலை கெட்டுப்போனது. புது கேமரா கையில் சும்மா இருந்தது. மழை விட்டதும் நான் அவரைக் கால்வாய்க் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மாடு குளிப்பாட்டுகிற இடத்தில், ஈர மண்ணில், ஐம்பது அறுபது மஞ்சள் பாப்பாத்திகள் இறக்கையை மடக்கி உட்கார்ந்திருந்தன. யாரோ பூவரசம்பூ இதழ்களை வரிசையாக நட்டு வைத்த மாதிரி. மாமா வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்துவிட்டார். பழக்கதோஷம், வாய் சும்மா இருக்காது. "கொஞ்சம் தாடையைத் தாழ்த்து மக்கா… ஆ, சிரி… அப்பிடித்தான்" என்று பாப்பாத்தியிடம் கொஞ்சினார். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "எலே, பெண்ணு சம்மதிச்சாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் பக்கத்தில் குத்தவைத்து, ஓரத்தில் இறக்கை கிழிந்த ஒன்றை மட்டும் உற்றுப் பார்த்தேன். முன்னிறக்கையின் அடியில், உடம்பையொட்டி, கண்மை தொட்டு வைத்ததுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்று, இரண்டு, மூன்று. நோட்டை எடுத்து 3 என்று அழுத்தி எழுதினேன். மாமா படம் எடுத்ததும் அதைத்தான்.

ஒரு வாரம் கழித்து, கல்யாண ஆல்பத்து அளவில் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். கிழிந்த இறக்கை முழுசாகியிருந்தது. மஞ்சள், அரைத்த மஞ்சளாகவே மின்னியது. புள்ளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒரு புள்ளி என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். அந்த மஞ்சள் கூட்டத்தைப் பிரித்தறிய அந்த இடத்துப் புள்ளியைத்தான் எண்ண வேண்டும். இரண்டு என்றால் எல்லா வீட்டு முற்றத்திலும் பறப்பது. மூன்று என்றால் அதற்கடுத்தபடியாகக் காண்பது. ஒன்று மட்டும் என்றால் மலைக்காட்டில் எப்போதாவது காண்கிற அபூர்வம். சார் படத்தைப் பார்த்தவர், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மோளே…" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் நோட்டைத் திறந்து ரப்பரை எடுத்தேன். நானே தப்பாக எண்ணியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு பெரிய கேமரா பொய் சொல்லுமா? 3 லேசில் போகவில்லை. எழுதும்போது அத்தனை உறுதியாக அழுத்தியிருந்தேன். தாள் நைந்த பிறகுதான் போனது, அப்போதும் அழுத்திய தடம் மிச்சமிருந்தது. அந்த இடத்தில் 1 என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் இல்லை. அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட்டோடு செய்தியையும் கிழித்துக் கொடுத்தார். அம்மா சர்ச் வாசலில், யாரும் கேட்காமலே, "ஒண்ணும் இல்லை, ஒரு பாப்பாத்தி கண்டுபிடிச்சா, அவ்வளவுதான்" என்று தொடங்குவாள். முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். எனக்கோ நடையே மாறிப்போனது. கூடப் படித்த பிள்ளைகள் என்னிடம் பூச்சியெல்லாம் கொண்டுவந்து பெயர் கேட்டார்கள். தெரியாததற்கும் சொன்னேன்.

விழா அன்று காலையில் மாமா படத்துக்குச் சட்டம் போட்டு, அடியில் தேதி எழுத என் நோட்டை வாங்கினார். பக்கத்தைப் பார்த்தவர், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது என்ன மக்கா, இப்பிடித் தேச்சு வச்சிருக்கே?"

"தப்பா எழுதிட்டேன் மாமா."

"ஓ" என்றார். தேதியை எழுதிக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார். ஏதோ அபூர்வம் என்று தெரியுமே தவிர, ஒரு புள்ளிக்கும் மூன்று புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் அப்போது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் சார் மேடையில் அதை விளக்கினார். ஒற்றைப் புள்ளியின் பெருமையைச் சொன்னார். படம் திருவனந்தபுரத்தில் விஷயம் தெரிந்தவர்களுக்குப் போகும் என்றார். "படம் மாத்திரம் அல்ல. குட்டி அந்த இடத்தில் இருந்தே சொந்தக் கையால் எழுதிய நோட்டும் உண்டு" என்று, மேசைமேல் விரித்து வைத்திருந்த நோட்டைக் காட்டினார். நான் முன் வரிசையில் நெஞ்சை நிமிர்த்தினேன்.

விழாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்த மாமா கேமராவை இறக்கினார். முன்னால் வந்து, நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சைப் பேசினார். கல்யாணப் பெண்ணின் முகத்தில் மூன்று புள்ளி இருந்தால் ஒன்றை மச்சமாக விட்டுவிட்டு மீதியைத் துடைப்பது தன் வழக்கம் என்றும், கை பழகியதால் பாப்பாத்திக்கும் அதையே செய்துவிட்டதாகவும் சொன்னார்.

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. போன மாதம் மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு அக்கா எழுந்து, "அப்போ எனக்க மகளுக்க முகத்துல எத்தனையடே தொடச்சே?" என்றாள்.

"அதைக் கேக்காதேயும் அக்கா. மாப்பிள்ளை பின்னால இருக்கான்."

மறுபடி சிரிப்பு. மாமாவும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள், ஸ்டுடியோ படி ஏறுகிறவர்களெல்லாம் "புள்ளியை எண்ணிட்டுத்தான் வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். இரண்டு கல்யாணங்கள் பாறசாலை ஸ்டுடியோக்காரர் ஒருவருக்குப் போய்விட்டன. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். மாமா ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்று விழா முடிந்ததும் மாமா, கேமராவில் இருந்த அசல் படத்தைச் சாருக்குப் பெரிதாக்கிக் காட்டினார். சார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எண்ணினார். பிறகு பட்டியலை எடுத்தார். மூன்று புள்ளிப் பாப்பாத்தியும் அதில் அதுவரை ஏறியிருக்கவில்லை. அதை எழுதி, நேரே என் பெயரை எழுதினார். இன்றைக்கும் வாசகசாலைச் சுவரில் அந்தப் பட்டியலும் மூன்று புள்ளிப் படமும் இருக்கின்றன. ஊருக்குப் போகும்போதெல்லாம் போய்ப் பார்க்கிறேன். படம் எடுத்தவர் யார் என்று யாராவது கேட்டால், எனக்க மாமா ஆக்கும் என்று அந்த மண்டபமே கேட்கும்படி சொல்வேன்.

அன்றைக்கு, கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு அந்தப் புத்தி இல்லை. அபூர்வம் கைவிட்டுப் போகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. எழுந்து நின்று, "நோட்டுல ஒண்ணுதான் சார் இருக்கு! நான் கண்ணால பாத்து எழுதினதாக்கும்!" என்று கத்தினேன்.

சார் என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். எடுக்கக் கை நீட்டினார். என் பக்கம் ஒரு சாட்சியாவது மிச்சமிருக்கிறது என்று நான் நம்பி நின்றேன்.

 சாரின் கை எட்டுவதற்குள் மாமா நோட்டை மூடி, கேமரா பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தார்.