ஜன்னலக்காவின் நாலு கேள்வி

“எனக்கொண்ணும் குளிரல, நீங்க உக்காருங்க.”

யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்து முன்னாலேயே பதில் சொல்லிவிட்டு, மூன்றாவது ஜன்னலையும் திறந்தாள். காற்றில் படபடவென்று அடிக்காமல் இருக்க, மடித்த அட்டைத் துண்டை இடுக்கில் செருகினாள். பிறகு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு போய், பெஞ்சில் இருக்கிறவர்களுக்குப் பின்னால் வைத்து ஜன்னலைப் பார்க்கத் திருப்பினாள். உள்ளே இருக்கிற காற்று வெளியே போய்விட வேண்டும். மழைத் தூறல் உள்ளே வந்தால் துடைத்துக்கொள்ளலாம் என்பாள்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாதாமாதம் வந்து மருந்து வாங்கிப் போகிற கூடம் அது. நான் அந்த ஆஸ்பத்திரிக்கு வாசல் காவல். பதினோரு வருடமாக அவளைப் பார்க்கிறேன், முதலில் மருந்து வாங்க வந்தவளாக, பிறகு இங்கேயே வேலை செய்கிறவளாக. எல்லோருக்கும் அவள் ஜன்னலக்கா. டாக்டரம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறார். அவளுக்கும் எச்.ஐ.வி. உண்டு, மறைக்க மாட்டாள். முதல் தடவை வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவர்களிடம், “நானும் உங்க வரிசைதான். கொஞ்சம் முன்னாடி வந்து நின்னுட்டேன், அவ்ளோதான்” என்பாள். அதற்குப் பிறகு அவர்கள் தலை கொஞ்சம் நிமிரும்.

அவளுடைய வேலை நாலு கேள்வி கேட்பது. இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, ராத்திரி வேர்க்குதா, எடை குறைஞ்சுதா. இந்த உடம்பில் காசநோய் காற்று வழியாகவே சுலபமாகப் புகுந்துகொள்ளும், ஆளை எடுத்துக்கொண்டும் போய்விடும். அதனால் வருகிற ஒவ்வொருவரையும் ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டும். மாதாமாதம் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குப் பாடமாகிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் “இல்ல இல்ல இல்ல இல்ல” என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு மாத்திரை வாங்க நகர்ந்துவிடுவார்கள்.

ஆகவே அவள் சுற்றி வளைத்துத்தான் கேட்பாள். கொத்தனாரைப் பார்த்தால், பெல்ட்டை இப்போது எந்த ஓட்டையில் மாட்டுகிறாய் என்பாள். பெண்களிடம், வளையல் தானாகக் கழன்று வருகிறதா, ரவிக்கையைக் கடைசியாக எப்போது பிடித்துத் தைத்தாய் என்பாள். தலையணை உறையை வாரத்துக்கு எத்தனை தடவை துவைக்கிறாய் என்று எல்லோரையும் கேட்பாள். லாரி ஓட்டுகிற ஒருவர், தலையணைக்கு எங்கே போவது, ஸ்டியரிங்மேல் சாய்ந்துதான் தூக்கம் என்றார். “அப்ப ஸ்டியரிங் நனையுதா?” என்றாள். பெஞ்சே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆமாம், நனைகிறது என்றார். அன்றைக்கே அவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அவர் இன்றைக்கும் லாரி ஓட்டுகிறார்.

“ஊருக்கு ரெண்டு வாரம் இருமினாத்தான் இருமல். நமக்கு ஒரு நாள் இருமினாலே இருமல்தான்.” இதைத் தினமும் பத்துப் பேருக்காவது சொல்லுவாள்.

எனக்குப் பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகிறது. உள்ளங்கை அளவு முகம், அதில் பாதி கண். ஊரே வந்து பார்த்து யார் ஜாடை என்று அடித்துக்கொண்டது. ஜன்னலக்கா வந்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிறந்தபோது எடை என்ன என்றாள். ரெண்டே முக்கால் என்றேன். இப்போது என்றாள். மூணு எண்ணூறு என்றேன். “ஏறுற எடையக் கேக்க எவ்ளோ நல்லாருக்குண்ணே” என்றாள். கிளம்பும்போது எங்கள் வீட்டு ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

அவள் புருஷன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவருக்கும் எச்.ஐ.வி. ஆறு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே வகை மாத்திரை கொடுத்தார்கள். காசநோய் இல்லாதவர்கள், அது வராமல் இருப்பதற்காகத் தினம் ஒன்று, ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரை. அவள் இந்த வேலைக்கு வந்த புதிது. வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, திரும்பக்கூட இல்லையாம், “டி.பி. மாத்திரைங்க, டெய்லி ஒண்ணு” என்றாளாம். அவ்வளவுதான் சொன்னது.

டி.பி. மாத்திரை என்றால் டி.பி. வந்தால் சாப்பிடுவது என்று அவர் எடுத்துக்கொண்டார். அவருக்கு அப்போது ஒரு இருமல்கூடக் கிடையாது. நல்ல மருந்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று தினம் ஒன்றாக உரித்துப் பழைய பிரஷ் டப்பாவில் போட்டு வைத்தார். வெறும் அட்டையைப் பார்த்து இவள் சந்தோஷப்பட்டாள். அடுத்த வருடம் இருமல் வந்தது. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று, சேர்த்து வைத்ததை எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். இவள் கேட்ட நாலு கேள்விக்கும் இல்லை என்றார். பெயிண்ட் வாசனை தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது என்றார். இவளும் நம்பினாள். வராமல் தடுக்கிற அந்த ஒரே மாத்திரை, வந்துவிட்ட நோயைத் தனியாக நின்று அடிக்காது. நோய் அதற்குப் பழகி முறுக்கிக்கொண்டது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். அவர் போன பிறகுதான் டப்பா கையில் கிடைத்தது. அதில் இன்னும் முப்பத்தேழு இருந்ததாம்.

இதை ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். “அவரு ஏமாத்தலண்ணே. நான் சொன்னத அப்படியே செஞ்சாரு.”

அன்றிலிருந்து அந்த மாத்திரைக்கு அவள் நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஒன்றை உரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “ஒண்ணும் இல்லாத இன்னைக்குச் சாப்பிடறதுதான் இது. இருமல் வந்துடுச்சுன்னா நீயா வைத்தியம் பாக்காத, என்கிட்ட ஓடி வா” என்பாள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. அக்கா பரீட்சை வைக்கிறாங்க, பிட்டு எடுத்து வந்திருக்கியா என்று பெஞ்சில் கிண்டல் செய்வார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். இருபது வயது. பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். ஜெராக்ஸ் கடையில் வேலை. அவளுக்கும் இப்போது அந்த ஆறு மாத மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நாலாவது மாதம் ஓடுகிறது. முதலில் எல்லாம் அம்மாவுக்கு எதிரிலேயே முழுங்கிவிட்டு, நாக்கை நீட்டி, “பாத்துக்க போலீசம்மா” என்பாள். போன மாதத்திலிருந்து கடைக்கு நேரமாகிவிட்டது, அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் இருமினாள். திங்கட்கிழமையும் இருமினாள். காகிதத் தூசி என்றாள்.

புதன்கிழமை மதியம் ஜன்னலக்கா வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஊரையெல்லாம் கேட்கிறாயே தங்கச்சி, வீட்டில் கேட்டாயா என்றேன். எத்தனை தடவையோ வாய் வரைக்கும் வந்ததாம், சாம்பார் போடவா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டாளாம். கடைப் பையில் மாத்திரை அப்படியே கிடக்கிறதா என்று துழாவிப் பார்க்கக் கையும் வரவில்லையாம். மகள் தூங்கும்போது கழுத்தில் வேர்வை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டாளாம். “இருந்துட்டா என்னண்ணே பண்றது” என்றாள். நாளைக்கே கூட்டிக்கொண்டு வா என்றேன். டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் மாஸ்க். தினமும் என்னிடம் பேத்தியின் எடையைக் கேட்காமல் உள்ளே போகாதவள், இன்று கேட்கவில்லை. மகளைக் கடைசி ஜன்னல் ஓரம் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். முறை வந்தது. நர்ஸ் புதுசு, அந்தப் பெண் வயதுதான் இருக்கும். அக்காவைப் பார்த்ததும் சிரித்து, உங்க பொண்ணுதானே, நீங்களே கேட்டு எழுதிடுங்கக்கா என்று நோட்டையும் பேனாவையும் நீட்டியது. நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலக்கா நோட்டை வாங்கவில்லை. ஒரு விரலால் மெதுவாக அந்தப் பக்கமே தள்ளினாள்.

“நீயே கேளும்மா. நான் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா. நானும் நம்பிடுவேன்.”