மலைக்கு வெடி வைக்கும் நேரம்

கப்பல்துறைக் கிராமத்தில் எங்கள் காணிக்குப் பின்னால் இருப்பதை மலை என்று சொல்ல இப்போது வாய் வருவதில்லை. நாங்கள் குடிவந்தபோது அது மலைதான். பாலை மரமும் வீரை மரமும் மூடிக்கிடக்கும், பின்னேரமானால் மயில் அகவும். எனக்கோ பாம்பென்றால் உயிர் போகும். இந்தக் காட்டை யாராவது வெட்டித் தொலைக்கமாட்டார்களா என்று கணவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டினார்கள். முதலில் வீடுகள் மேலேறின. பிறகு வீதி அகலமானது, கடற்கரையில் ஹோட்டல்கள் எழும்பின. எல்லாவற்றுக்கும் கல் வேண்டியிருந்ததால் மலையின் மறுபக்கத்தில் குவாரி திறந்தார்கள். முருங்கை இலையைக் கழுவினால் கல்தூசி கரைந்து வெள்ளைத் தண்ணீர் ஓடியது. ஆவணி வெயிலிலும் வற்றாத கிணறு வைகாசியிலேயே அடி காட்டியது. பாம்புகள் மட்டும் போகவில்லை. இருக்க இடமில்லாமல் என் குசினி அடுப்படிக்கே வந்தன.

குவாரியில் வெடி வைக்கும் முன் சைரன் ஊதுவார்கள். ஊதினால் யாரும் வீட்டுக்குள் நிற்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கையின் சட்டம். வெடியின் அதிர்வில் பக்கத்து வீட்டுக் கூரைச் சீற் உடைந்து, குழந்தை தூங்கிய ஏணைக்குப் பக்கத்தில் விழுந்தபிறகு வந்த சட்டம் அது. எங்கள் ஒழுங்கை சைக்கிளைத் தவிர வேறொன்றும் வராத சின்னத் தெரு என்பதால், எல்லோரும் நடுத்தெருவில் கூடி நிற்போம்.

என் மகள் அப்போது கைக்குழந்தை. சைரன் கேட்டதும் அடுப்பை அணைக்கிறேனோ இல்லையோ, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

"ஏன் இப்பிடி நடுங்குறீங்கள்? மலை உங்கட வீட்டைத் தேடியே வரப்போகுது?" என்று பக்கத்து வீட்டுக்காரி பகிடி விடுவாள். அவளுடைய கண்ணும் தன் கூரையை விட்டு அகலாது.

சுவரில் வெடிப்பு நீள நீள எனக்கு ஒரே பயம்தான். நான் கிணற்றடியில் நிற்கும் நேரம் ஊதினால் பிள்ளை என்னாவது? மகள் நடக்கத் தொடங்கியதும் அவளுக்கு இதைத்தான் படிப்பித்தேன். ஊதல் கேட்டால் அம்மாவைத் தேடாதே, தெருவுக்கு ஓடு. கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் துறைமுகத்துக்குக் கிட்ட, லிங்கநகரிலுள்ள அக்கா வீட்டுக்குப் போனோம். வாசலுக்கு நேரே பஸ் போகும் வீதி. நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நான் கவனிக்கவில்லை. பிரேக் கிறீச்சிட்ட சத்தத்துக்குப் பிறகுதான் மகளின் கதிரை வெறுமையாக இருப்பதைக் கண்டேன்.

அவள் நடுவீதியில் நின்றாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் பஸ்.

"பிள்ளையைப் பார்க்க ஏலாதோ உங்களுக்கு?" என்று சாரதி என்னைப் பார்த்துக் கத்தினார். நான் வாசற்படியிலேயே நின்றேன். மகள் பஸ்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டி, பயத்தில் வீறிட்டு அழுதாள்.

"அம்மா, உள்ளுக்கை நிக்காதேங்கோ! கெதியா இஞ்ச வாங்கோ!"