மருதாணி எவ்வளவு சிவந்திருந்தது?

பிள்ளைகளே, அப்பாவின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆனாலும் மாமல்லபுரத்தில் கல்யாணப் படம் எடுத்துதான் பிழைக்கிறேன். கண்ணை நம்ப முடியாததால், கம்ப்யூட்டர் காட்டும் எண்களை வைத்து நிறத்தைத் திருத்துவேன். மனிதத் தோலுக்குச் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு.

போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் கைகளில் சிவப்பு எண் ஏறிக் கிடந்தது. மண்டப விளக்கின் கோளாறு என்று குறைத்துவிட்டேன். அது மருதாணியால் ஏறியது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் பார்க்க, அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் கடைக்கு வந்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, எம் பொண்ணு கையில பாசி புடிச்சிகினு கீது?” என்றார் அம்மா.

பெண் சிரிக்கவில்லை. மருதாணி நன்றாகச் சிவந்தால் புருஷன் ஆசையாக இருப்பான் என்று அன்று எல்லாரும் அவளைக் கிண்டல் செய்தார்கள். அந்தச் சிவப்பு படத்தில் இருக்க வேண்டும் அவளுக்கு. கையில் அது அழிந்துபோயிருந்தது.

சிவப்பைக் கூட்டினேன்.

“போதும்ணா,” என்றாள் பெண்.

“இன்னும் ஏத்து. ரத்தமாட்டம் செவந்துச்சு,” என்றார் அம்மா.

“நீ எங்கம்மா பாத்த? பந்தியிலதான நின்னுகினு இருந்த.”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“கிட்ட நின்னு எடுத்தது நீங்கதானண்ணா. எப்படி இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க.”

அந்தக் கைகளின் கோலமும் வளையலும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. நிறத்தை நான் பார்க்கவே இல்லையே, என்ன சொல்வேன்?