சிவந்த கற்றாழை

நண்பர்களே, இன்று காலை அடுத்த வீட்டு மைமூன் அக்கா ஒரு தொட்டியை வாசலுக்குத் தூக்கிவந்து காட்டினார். அவருடைய உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கற்றாழை. போன வாரம்தான் நிழலிலிருந்து மொட்டைமாடிக்கு மாற்றியிருந்தார்.

"சார், நீங்க செடி பாடம் எடுக்கிற வாத்தியார்லா. இது ஏன் இப்படிச் செவந்துட்டு?"

பைக்கை விட்டு இறங்காமலே சொன்னேன்: "நோய்தான் அக்கா. தூரப் போட்டிருங்க. மத்ததுக்கும் பரவிரும்."

கல்லூரியில் இன்று புற ஊதாக் கதிர் பாடம். நிழலில் இருந்த செடியைத் திடீரென்று கடும் வெயிலில் வைத்தால், தன்னைக் காத்துக்கொள்ள இலையில் சிவப்பு நிறமியைச் சேர்க்கும் என்று கரும்பலகையில் எழுதும்போதே கை நின்றுவிட்டது.

மதியமே அக்கா வீட்டுக்கு ஓடினேன். தொட்டி காலி. செடி குப்பை வண்டியில் போய்விட்டிருந்தது.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா ஒரு கிண்ணத்தை நீட்டினார். "நல்லவேளை சொன்னிய சார். ரோஜாவாவது தப்பிச்சிது. பாயாசம் குடிங்க."

குடித்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை உங்களுக்கு எழுதுகிறேன். நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? யாராவது பதில் போடுங்கள்.

பாயாசம் வேறு நன்றாக இருந்து தொலைத்தது.