பஞ்சு மெத்தைக் கடையின் வலைப்பூ

நான் செய்துவந்த வேலைக்கு அன்றைய மதுரையில் பெயர் கிடையாது. அரசரடியில், வாடகை வீட்டின் முன்னறை ஜன்னலோரம் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, நான் கல்லாவில் உட்காராத கடைகளுக்காகக் கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். வந்த ஆர்டர்களைப் பதிந்தேன். பார்சல் கிளம்பிவிட்டதா என்று தொலைபேசியில் விசாரித்தேன். வாரம் ஒருமுறை அந்தக் கடைகளின் வலைப்பூவில் ஒரு பதிவு எழுதிப் போட்டேன். இதற்கு ‘வர்ச்சுவல் அசிஸ்டென்ட்’ என்று பெயர் இருப்பதை நானே பிற்பாடுதான் அறிந்தேன். யாராவது கேட்டால், “வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை” என்று சொல்லி முடித்துக்கொள்வேன். திருமங்கலத்தில் ஒரு பம்ப்செட் வியாபாரி, திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று சிலர் வந்தார்கள், போனார்கள். நிலைத்தது கோரிப்பாளையத்து இலவம்பஞ்சு மெத்தைக் கடை ஒன்றுதான்.

அதன் உரிமையாளரை ஊரே அழைப்பதுபோல நானும் பாய் என்றே அழைத்தேன். நான் முன்பு எழுத்தராக வேலை பார்த்த மிஷன் பள்ளியின் விடுதிக்கு அவர்தான் மெத்தையும் தலையணையும் செய்து கொடுத்தார். பள்ளிக்கூட வாசலுக்குள் பார்த்த பெண்கள் அத்தனை பேரும் அவருக்கு டீச்சர்தான். நான் மறுத்தும் பயனில்லை. பிள்ளை பிறந்து வேலையை விட்ட பிறகு ஒருநாள் தலையணை வாங்கப் போனேன். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

“பிளாக்குன்னா என்ன டீச்சர்? செவத்துல ஒட்டுற நோட்டீஸா?”

“அது மாதிரிதான் பாய். ஆனா உலகம் பூரா ஒட்டலாம்.”

“அம்புட்டுத் தூரம் ஒட்டி என்ன செய்ய? இந்தா இருக்கு ஆத்துப் பாலம். அதைத் தாண்டி ஒருத்தன் பஞ்சு மெத்தை வாங்க வரமாட்டேங்கிறான். எல்லாப் பயலுக்கும் ஃபோம் வேணுமாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் கிளம்பும்போது, “எதுக்கும் ஒட்டிப் பாருங்க” என்றார்.

முதலில் எழுதிய பதிவுகள் விளம்பரத் துண்டுகளைப் போல இருந்தன. தரமான, நியாயமான, நம்பகமான என்ற சொற்களை நிறையப் போட்டேன். ஒருவரும் படிக்கவில்லை. பிறகு ஒரு பழக்கம் உருவாயிற்று. கடைக்கு மேல்மாடியிலேயே அவர்கள் வீடு. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அவர் தேநீருக்காக மாடி ஏறும் நேரம் பார்த்து நான் தொலைபேசியில் அழைப்பேன். அவர் பேசுவார், நான் குறித்துக்கொண்டு, அவர் பேச்சின் நடை கெடாமல், ‘நான்’ என்று அவரே எழுதுவதுபோல எழுதுவேன். கழுத்து வலிக்காரர் எவ்வளவு உயரத் தலையணை வைக்கலாம், மாப்பிள்ளை வீட்டுக்கு மெத்தை கொடுக்கிறவர்கள் எதைப் பார்த்து ஏமாறுகிறார்கள், எல்லாம் அதில் வரும்.

அவர் மட்டும் பேசினார் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. உறைகளையும் தலையணைகளையும் தைப்பவர் அவர் மனைவி. அந்த அம்மாளின் தையல் இயந்திரம் தொலைபேசிக்கு அருகிலேயே இருந்தது.

“நம்ம தலையணை வருசக்கணக்கா வரும்னு எழுதுங்க டீச்சர்.”

இயந்திரத்தின் சத்தம் நிற்கும். “வெயில்ல போட்டா வரும்னு சேத்துச் சொல்லுங்க. நீங்கபாட்டுக்கு அளந்துவிட்டா, எல்லாம் மூட்டையாத் திரும்பி வந்து வாசல்ல நிக்கும்.”

“கேட்டீங்களா டீச்சர்? மேலிடத்து உத்தரவு. அப்படியே எழுதிக்கங்க.”

அப்படியே எழுதினேன். தமிழ் வலைப்பூக்களைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகளின் வழியாக ஆட்கள் வந்தார்கள். பெங்களூரில் கணினி வேலை பார்த்த இளைஞர்கள், சிங்கப்பூரில் பிள்ளை வளர்த்த தாய்மார்கள், கரூரில் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. பின்னூட்டங்களில் எல்லோரும் அவரைப் பாய் என்றே விளித்தார்கள். நான் அவற்றைத் தொலைபேசியில் வாசித்துக் காட்ட, “பாத்தீங்களா, ஆத்துப் பாலத்தைத் தாண்டிட்டோம்” என்பார். தலையணைகள் அமுக்கிக் கட்டப்பட்டுப் பார்சலில் கிளம்பின. கடையின் வரும்படியில் பெரும்பங்கு அப்படித்தான் வரத் தொடங்கியது.

அவர் இறந்த நாளின் பதிவு, தலையணையை வெயிலில் காயவைப்பது பற்றியது. முந்தைய வாரம் அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். ‘நம் ஊர் வெயிலைத் திட்டாதீர்கள், உங்கள் தலையணைக்கு அதுதான் வைத்தியர்’ என்று தொடங்கும். வழக்கம்போலக் காலையில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதை வெளியிட்டேன். மதியத்துக்குள் பின்னூட்டங்கள் வந்திருந்தன. ‘பாய், நீங்கள் நூறாண்டு இருக்க வேண்டும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்டும் ஆவலில் வழக்கமான நேரத்துக்குச் சற்று முன்னதாகவே அழைத்தேன். எடுத்தது பழக்கமில்லாத குரல்.

“அண்ணன் மவுத்தாயிட்டாங்கம்மா. விடியக்காலம் சுபுஹுத் தொழுகைக்கு எந்திரிச்சவங்க, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அஸருக்கு அப்புறம் அடக்கம்.”

நான் அந்தப் பதிவை வெளியிட்டபோது அவர் இல்லாமலாகிச் சில மணி நேரம் கடந்திருந்தது. கடையில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவருக்கு இப்படி நேர்ந்திருக்க முடியாது. தொலைவிலிருந்து ஒருவரின் குரலாக இருப்பவளுக்குத்தான் நேரும். எனக்கும் அவருக்கும் நடுவே இருந்த தொலைவு, ஒரு பாலமும் சில பேருந்து நிறுத்தங்களும்தான்.

சில நாள் கழித்துப் போனேன். இலவம்பஞ்சின் மணம் படிக்கட்டு வரை இருந்தது. அந்த அம்மாள் உள்ளறையில் சாயம்போன ஒரு சேலையில் உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், மணம் முடிக்கத் தக்க உறவான ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற இத்தா என்னும் காலம் அது. நான் பெண் என்பதால் உள்ளே போக முடிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாய் இறந்தது தெரியாமல் அன்று காலை பதிவை வெளியிட்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அவருடைய கொழுந்தன், தொலைபேசியில் நான் கேட்ட குரலுக்கு உரியவர், வந்தார். திருமங்கலத்தில் ஃபோம் மெத்தை விற்கிறவர். திரைச்சீலைக்கு அப்பால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மதினி, நான் உங்களுக்குக் கெட்டது நெனைக்கிறவன் இல்ல.”

“நான் அப்படிச் சொல்லலையே தம்பி.”

“இத்தா முடியிற வரைக்கும் நீங்க கீழ எறங்க முடியாது. கடை பூட்டிக் கெடந்தா வாடிக்கை மறந்துரும். நான் ஃபோம் மெத்தையை எறக்கிக் கடையைப் பாத்துக்கிறேன். உங்களுக்குச் சோத்துக்கு ஒரு கொறை வராது.”

“சோறு போடுவீங்க. அது தெரியும். கடை எனக்கு வேணும் தம்பி.”

“எப்படி மதினி நடத்துவீங்க?”

“பஞ்சு அடிக்கிறதுக்கு ஆளு கீழ இருக்கு. தையல் என்னிக்குமே மாடியிலதான். கடுதாசி டீச்சர் பாத்துக்கிறாங்க. இதுல நான் எறங்கி ஆக வேண்டியது என்ன இருக்கு?”

கொழுந்தன் விடவில்லை. “ஆர்டர் வரணும்ல? அண்ணன் பேச்சுக்குத்தானே ஆர்டர் வந்துச்சு.” அவரே ஒரு வழியும் சொன்னார். “சரி, இப்படி வச்சுக்குவோம். இன்டர்நெட்டுல டீச்சர் அண்ணன் எழுதுற மாதிரியே எழுதட்டும். இத்தா முடியிற வரைக்கும் பார்சல் ஓடுச்சுன்னா, நான் கடைப்பக்கம் வரலை. நின்னு போச்சுன்னா ஃபோம் எறக்குறேன். அண்ணன் இல்லைங்கிறது அங்க யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் படியிறங்கிப் போனபின், அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?”

பாய் இறந்ததைச் சொன்னால் ஆர்டர் குறையும் என்றேன். வாசகர்கள் பழகியிருந்தது அவருடைய சிரிப்புக்கு; அந்தச் சிரிப்பை எழுத எனக்குக் கை பழகியிருந்தது. அவர் சொல்லி நான் குறித்துவைத்த விஷயங்களும் இன்னும் சில மீதமிருந்தன.

“கொறையும்தான்” என்றார். “ஆனா மவுத்தானவுக பேருல சிரிச்சு எழுதக் கூடாது டீச்சர். அவுக இல்லைன்னு போட்ருங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைக்காரர் இறந்துவிட்டார். சென்ற பதிவு வெளியான காலையில் அவர் உயிருடன் இல்லை. தலையணை தைத்தது எப்போதும் அவர் மனைவியாகிய நான்தான், இனியும் நான்தான். வேண்டியவர்கள் எழுதலாம். அவருடைய நல்ல குணத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். “படிக்கிறவுகளுக்கு அது தெரியும்” என்று சொல்லிவிட்டார்.

நான் அஞ்சியது நடந்தது. ஆனால் அஞ்சிய விதத்தில் நடக்கவில்லை. யாரும் கோபப்படவில்லை, அவநம்பிக்கைப்படவில்லை. இரங்கல் வந்து குவிந்தது. அதற்குமுன் எங்கள் பதிவு எதற்கும் அத்தனை பின்னூட்டங்கள் வந்ததில்லை. ஆர்டர் மட்டும் வரவில்லை. கண்ணீரோடு எழுதிய கடிதத்தின் கீழே ‘இரண்டு தலையணை அனுப்புங்கள்’ என்று எழுத மனிதர்களுக்குக் கூச்சம். மனைவியின் பிரசவத்துக்கு முன்பே தொட்டில் மெத்தைக்குச் சொல்லிவைத்திருந்த பெங்களூர்க்காரர் ஒருவர், ‘இந்த நேரத்தில் உங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை, அம்மா’ என்று எழுதி ஆர்டரையே திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் அதை வாசித்துக் காட்டியபோது அந்த அம்மாள் தைத்துக்கொண்டிருந்த உறையைக் கீழே வைத்தார்.

“பாவம் பாவம்னு சொல்லியே நம்ம கடைய மூடிருவாங்க போல இருக்கே.”

கொழுந்தன் வாரந்தோறும் வந்து திரைக்கு அப்பால் உட்கார்ந்தார். “இந்த வாரம் எப்படி மதினி?” என்பார். “இல்லை தம்பி” என்ற பதிலைக் கேட்டு அவர் மகிழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எழுந்து, கீழே போய்க் கடையின் நீள அகலத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

நாங்கள் பதிவுகளை நிறுத்தவில்லை. அஸருக்குப் பிறகு முன்போலவே அழைத்தேன். இப்போது பேசியவர் வேறு ஆள், பேச்சும் வேறு. அவரிடம் கதை இல்லை, வேடிக்கை இல்லை. பச்சைப் பிள்ளைக்குத் தலையணையில் ஏன் கடுகு நிரப்புகிறார்கள், உறையின் தையல் எந்த மூலையில் முதலில் விட்டுப்போகும் என்று குறுகிய வாக்கியங்களில் சொல்வார், நிறுத்திவிடுவார். நான் அலங்கரித்து நீட்டியதை மறுநாள் வாசித்துக் காட்டினால், “இம்புட்டு நான் சொன்னேனா?” என்று கேட்பார். வெட்டிவிடுவேன். பிறர் குரலில் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். அந்த மாதங்களில் அதை மறுபடி முதலிலிருந்து பழகினேன்.

பெங்களூர்க்காரர்தான் முதலில் எழுதினார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கடைகளில் வாங்கிய மெத்தை சூடாக இருக்கிறது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது, மன்னியுங்கள். இதைக் கேட்டதும் அந்த அம்மாள் சிரித்தார். கணவர் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பெறந்த பிள்ளை படுக்க வேணாமா? கேக்குறதுக்கு என்ன வெக்கம்? இங்க ஒருத்தி கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்படியே எழுதிப் போடுங்க டீச்சர், ஊரே படிக்கட்டும்.”

ஒரு எழுத்தையும் மாற்றாமல் போட்டேன். அதன்பிறகு ஆர்டர்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கின. இப்போது எழுதியவர்களில் பெண்களே அதிகம். முன்பு வந்த அளவு இல்லை. இருந்தும் தையல் இயந்திரம் ஓய்ந்திருக்கவில்லை. மாடியிலிருந்து உறைகள் கூடையில் இறங்கின. கீழே பஞ்சு அடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கையின் வேகம் கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இத்தா முடிவதற்கு முந்தைய வாரம் கொழுந்தன் வந்தார்.

“அண்ணன் காலத்தைப் பாத்தாக் கொறைச்சல்தான் மதினி.”

“கொறைச்சல்தான் தம்பி. ஆனா ஓடுது.”

“ஓடுதுதான்.” நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “ஃபோமுக்குச் சொல்லி வச்சதை வேணாம்னுடுறேன். வாரேன் மதினி.”

அந்த அம்மாள் படியிறங்கிய நாளில் நானும் அங்கே இருந்தேன். கொழுந்தன் கடை வாசலில், முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பி நின்றிருந்தார். “கல்லாவுல உக்காருங்க மதினி. அண்ணன் நாற்காலிக்குக் கால் ஆடும், பாத்து” என்றார். அந்த அம்மாள் அதைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். கோரிப்பாளையம் சந்திப்பின் பேருந்துச் சத்தம் அத்தனை மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேராக வந்து மோதியதில் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று அஸருக்குப் பின், வழக்கத்தை விடாமல், வீட்டிலிருந்து அழைத்தேன். தொலைபேசியைக் கீழே இறக்கியிருந்தார்கள்; கடையிலேயே எடுத்தார்.

“டீச்சர், அவுக போன அன்னிக்கு ஒண்ணு போட்டீங்களே. அதுல யாரும் கேள்வி கேட்டிருந்தாங்களா?”

இருந்தது. திருச்சியிலிருந்து ஒரு பெண், வெயிலில் காயவைத்த தலையணையை அன்றைக்கே தலைக்கு வைக்கலாமா பாய் என்று கேட்டிருந்தார். எவருடைய குரலிலும் அதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வராமல், அதை அப்படியே விட்டிருந்தேன். வாசித்தேன்.

“இம்புட்டு நாளா அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் பதில் சொல்லலையா?” என்றார். “சூடு ஆறட்டும், அப்புறம் வச்சுக்கிடச் சொல்லுங்க.”

“கீழ யார் பேரு போட அக்கா?”

கடைக்கு யாரோ வந்திருந்தார்கள். “உள்ள வாங்கம்மா, எந்த அளவு வேணும்?” என்று அவர்களிடம் கேட்டுவிட்டு, என்னிடம் சொன்னார். “கடைக்காரம்மான்னு போடுங்க. ஆளு வந்திருக்கு, நான் வைக்கிறேன்.”

பதிலை எழுதி, அவர் சொன்ன பெயரைக் கீழே சேர்த்து, வெளியிட்டேன்.