ஆர்வெல்லா பிக்கப் வாங்கிய விதம்

ஆர்வெல்லா டிரைலிங் யாரையும் நம்ப மாட்டாள். கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு வசனம் சொன்னால், வீட்டுக்குப் போய் பைபிளைத் திறந்து அது அங்கேதான் இருக்கிறதா என்று சரிபார்ப்பாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கிணறு தோண்டும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தொடங்கினேன். இன்று மேற்குக் கான்சாஸின் இந்த மூலையில் பாதி மாடுகள் நான் தோண்டிய கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. இருக்கிற மந்தைகளில் பெரிய மந்தையும் என்னுடையதுதான். அப்படிப்பட்ட நான், லீரோய் வாசிங்கர், சொல்வதையே அவள் சந்தேகப்பட்டாள் என்றால் மற்றவர்கள் எந்த மூலைக்கு?

அவள் தொழில் அடுத்தவர் கன்றுகளை ஏலக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கணவன் நெஞ்சுவலியில் போனபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு பிக்கப் வண்டியும் அதன் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு மாட்டு ட்ரெய்லரும். ஆரம்பத்தில் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் என் வேலிக் கம்பங்களைச் சாய்த்தாள். அப்புறம் கற்றுக்கொண்டாள். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்றால், அவள் வண்டியிலிருந்து இறங்கும் கன்று தூங்கி எழுந்த மாதிரி இறங்கும்.

அந்த ஆகஸ்ட் வெயிலில் அவளுடைய பழைய பிக்கப்பின் எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. அக்டோபரில் கன்றுகள் ஏலத்துக்குக் கிளம்பும் காலம். அதற்குள் வேறு வண்டி வேண்டும். அதுவும் பெட்ரோல் போக அவள் கையில் ஏதாவது நிற்கிற வண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ட்ரெய்லரை விற்றுவிட்டு விசிட்டாவில் தங்கை வீட்டுப் பின்னறைக்குப் போக வேண்டியதுதான். தங்கை அந்த அறைக்குப் பெயிண்ட்கூட அடித்துவிட்டாள்.

"மஞ்சப் பெயிண்ட்," என்றாள் ஆர்வெல்லா. "என்ன ஒரு வார்த்த கேக்கல. நான் எப்படியும் தோத்துட்டுத்தான் வருவேன்னு முடிவே பண்ணிட்டா."

இதை அவள் சொன்னது கூட்டுறவு தானியக் கிடங்கின் காப்பி மேசையில். காலையில் நாங்கள் மாட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் அங்கே உட்காருவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தன் பிக்கப் கேலனுக்கு இத்தனை மைல் கொடுக்கிறது என்று சொன்னால் மற்றவர்கள் தலையாட்ட வேண்டும். அவன் மனைவியைப் பற்றி விசாரித்தாலும் விசாரிக்கலாம், மைலேஜைப் பற்றி மறுகேள்வி கேட்கக் கூடாது. அவள் அன்று வந்து உட்கார்ந்து, ஆறு சிலிண்டர் எஞ்சினா எட்டு சிலிண்டரா என்று கேட்டதும் எல்லோரும் ஆளுக்கொரு எண்ணை எடுத்துவிட்டார்கள். நானும் சொன்னேன்.

"எட்டு சிலிண்டர் எடு, ஆர்வெல்லா. என்னுது பத்தொம்பது குடுக்குது."

"பத்தொம்பதா?" அவள் காப்பியைக் கீழே வைத்தாள். "வாரத்துக்கு ரெண்டு தடவ உங்க வண்டி வெளிய பம்புகிட்ட நிக்குது, லீரோய். பத்தொம்பது குடுக்குற வண்டிக்கு அங்க என்ன வேல? பம்புகிட்ட பாவமன்னிப்புக் கேக்க வருதா?"

மேசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. இன்றைக்கும் சொல்கிறேன், காற்று முதுகுப் பக்கம் இருக்கும் நாளில் என் வண்டி பத்தொன்பதுக்குக் குறையாது.

"நல்லதுக்குச் சொன்னா நக்கல் பண்ற," என்றேன்.

"உங்க நல்லது யாருக்கு நல்லதுன்னுதான் யோசிக்கிறேன். உங்க அண்ணன் மகன் இருக்கானே, கோடி, அவன் புது ட்ரெய்லர் வாங்கி வெச்சுக்கிட்டு சவாரி தேடிட்டுத் திரியறான். எனக்குப் பெட்ரோல் குடிக்கிற வண்டிய வாங்கிக் குடுத்துட்டா, அடுத்த வருஷம் இந்த ஊர்க் கன்னுக்குட்டியெல்லாம் அவனுக்கு. அப்படித்தான?"

அப்படியெல்லாம் நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு, நினைத்திருக்கலாமே என்று தோன்றியது உண்மை.

பக்கத்து டவுனில் பிக்கப் விற்கிற கெண்டல் ரைமர் இளவயசுக்காரன், பல் முழுக்கச் சிரிப்பான். அவளோடு நானும் அங்கே போயிருந்தேன். அவனிடம் ஒரே மாதிரி இரண்டு பிக்கப் நின்றன. பெரிய சைஸ், நாலு கதவு, ஒரே வெள்ளை நிறம். ஒன்றில், காற்றை அழுத்தி ஊதுகிற டர்போ வைத்த சின்ன ஆறு சிலிண்டர் எஞ்சின். மற்றதில் எட்டு. கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஆறு சிலிண்டருக்கு மைலேஜ் எண் பெரிதாக இருந்தது.

"இதுல சந்தேகமே இல்ல மேடம்," என்றான் கெண்டல். "அரசாங்கமே சோதிச்சு ஒட்டியிருக்கு."

"அரசாங்கம் இதுக்குப் பின்னால மாடு கட்டிச் சோதிச்சுதா?"

"அது... காலி வண்டிக்குத்தான்."

"எதிர்க்காத்துல?"

"ஒரு கொட்டகைக்குள்ள உருளைமேல நிறுத்தி ஓட்டுவாங்க மேடம்."

ஆர்வெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தென்காற்றில் கோழி பறக்கிற ஊர் எங்களுடையது. "கொட்டகைக்குள்ள ஓட்டுனாங்களாம்," என்று மட்டும் சொன்னாள்.

தன் ட்ரெய்லரை மாட்டி, கன்று ஏற்றி, இரண்டு வண்டியையும் தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாங்குவேன் என்றாள். கெண்டலின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அந்த மாதம் அவனுக்கு வியாபாரம் மந்தம், ஒத்துக்கொண்டான். கன்றுகள் என்னுடையவை. வேறு யார் அவ்வளவு சீக்கிரம் விற்பனைக்குத் தயாரான கன்று வைத்திருக்கிறார்கள்?

முதல் ஏல நாளில் ஆறு சிலிண்டர். விடியலில் கிளம்பலாம் என்றான் கெண்டல்.

"காத்து இன்னும் தூங்குது. அது எந்திரிக்கட்டும்," என்றாள் அவள். தபால் அலுவலகக் கொடி விறைத்து நிற்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்றேற்றிய ட்ரெய்லரைக் கிடங்கின் எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்தாள். டேங்கைத் தன் கையால் நிரப்பினாள். ஓட்டுநர் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் மைலேஜ் எண் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள்.

"மேடம், அது கம்ப்யூட்டர் கணக்கு, தப்பாது!"

"வண்டி செஞ்சவன்தான அந்தக் கம்ப்யூட்டரையும் வெச்சான்? தன் புள்ளைக்குத் தானே மார்க் போடுறான்."

நான் என் வண்டியில் முன்னால் போகிறேன் என்றேன்.

"முன்னால போய் எனக்குக் காத்த மறைக்கவா? பின்னாலயும் வேண்டாம். உள்ள ஏறுங்க. கண்ணு முன்னாடி இருங்க."

ஏறினேன். கெண்டல் பின்சீட்டில். அவள் கட்டிக்கொண்டு வந்த கறியும் முட்டைக்கோசும் பொதிந்த பன்னை ஆளுக்கொன்று கொடுத்தாள். அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏலக் கொட்டகை எங்களுக்கு நேர்த் தெற்கே. போகும்போது சுமை, எதிர்க்காற்று. வரும்போது காலி ட்ரெய்லர், காற்று முதுகில். ஆறு சிலிண்டர் இழுத்தது, அதில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் டர்போ ஊளையிட்டது. கொட்டகை வாசலில் இருக்கும் பம்பில் நான்தான் டேங்கை நிரப்பினேன். அது எங்கள் பக்கத்து நடைமுறை. தலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. அதற்கு மேல், கன்றுக்காரன் கொட்டகைப் பம்பில் டேங்கை நிரப்பிக் கொடுப்பான். ஊர் திரும்பும் பெட்ரோல் ஓட்டுபவர் பாடு. பம்பின் எண் போய்க்கொண்டே இருந்தது. "கேலனுக்கு எட்டு மைல்கூட வராது போலிருக்கே," என்றேன். கெண்டல் ஜன்னல் வழியே வேறு எதையோ பார்த்தான். ஆர்வெல்லா பம்பின் எண்ணையும் என் முகத்தையும் பார்த்தாள்.

ஊர் வந்து அவள் கிடங்குப் பம்பில் நிரப்பியபோது கதை மாறியது. திரும்பி வந்த பயணத்துக்கு ஆறு சிலிண்டர் நாக்கை நனைத்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் எட்டு சிலிண்டர். அதே எடை, அதே விறைப்பில் கொடி, அதே வேகம். சுமையோடு போகும்போது எட்டு அலட்டிக்கொள்ளவே இல்லை. கொட்டகைப் பம்பில் போன வாரத்தைவிடச் சீக்கிரம் நின்றது. "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று நான் அவள் தோளைத் தட்டினேன். திரும்பி வந்து கிடங்கில் நிரப்பினால், காலி வண்டிக்கு அது குடித்தது கொஞ்சநஞ்சமில்லை.

"ரெண்டையும் கூட்டுனா ஆறுதான் மேடம் ஜெயிக்குது," என்றான் கெண்டல்.

"ஏதோ நூலளவு," என்றேன் நான். "மாட்டு ட்ரெய்லர் இழுக்கிறவளுக்குச் சுமை இழுக்கிற கணக்குதான் முக்கியம்."

அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆறு எடுத்துக்கிறேன்," என்றாள். "நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறேன்."

எனக்குப் புரியவே இல்லை. சாயங்காலம் தொழுவத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சுரீரென்றது. ஆறு சிலிண்டர் அதிகம் குடிப்பது எங்கே? போகும் வழியில். அந்த டேங்கை நிரப்புவது யார்? நான். அது குறைவாகக் குடிப்பது எங்கே? வரும் வழியில். அது யார் பெட்ரோல்? அவளுடையது. ஊரையே சந்தேகப்பட்டவள், ஊர்க்காரர்கள் பாக்கெட்டில் கையை விட்டிருக்கிறாள்! கிணற்றுக்குள் எத்தனை அடியில் தண்ணீர் என்று மண்ணை முகர்ந்தே சொல்கிற என்னிடமே!

மறுநாள் காலை கெண்டலின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவள் பேனாவைக் கையில் எடுத்திருந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றேன்.

அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. "மொத நாள், கிடங்குப் பம்புல. உங்களுக்கு இப்பத்தான் உறைச்சுதா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நானும் ஒண்ணு கேக்கறேன். நீங்க எட்டு எட்டுன்னு குதிச்சது, உங்க டேங்குச் செலவு மிச்சமாகும்னுதான?"

"சத்தியமா எனக்கு அது நேத்துவரைக்கும் தெரியாது!"

"தெரியாதுன்னு சொல்றதவிடத் தெரியும்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன், லீரோய். ஊர்லயே கெட்டிக்காரன்னு நீங்கதான சொல்லிக்கிறீங்க?"

கெண்டல் நாற்காலியில் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தான்.

"கோடிகிட்ட எட்டு சிலிண்டர் இருக்கு," என்றேன். "நான் அவன்கிட்டப் போனா காப்பி மேசையில இருக்குற அத்தன பேரும் பின்னாலயே வருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

பேனாவை மேசைமேல் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். "எட்டு எடுத்தா காலி வண்டியில திரும்பி வர்ற பெட்ரோலுக்கே என் கூலியில மிஞ்சுறது போயிடும். ஆறு எடுத்தா உங்களுக்கு ஒரு நடைக்கு ஒரு கேலன் கூடப் போகும். இத நீங்க காப்பி மேசையிலயே சொல்லுங்க, நானும் சொல்றேன். அந்த ஒரு கேலன் உங்க யாருக்கும் கட்டாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, லீரோய். நான் கையெழுத்துப் போடல. மஞ்ச ரூம் காலியாத்தான் இருக்கு."

"ஒரு கேலன் இல்ல. ஒண்ணேகால்."

"சரி, ஒண்ணேகால்."

நான் உட்கார்ந்தேன். போன வருஷம் ஒரே ஒரு நடை கோடியிடம் கொடுத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. பயல் பிரேக்கை மிதிக்கிற மிதியில் கன்றுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கொட்டகையில் இறங்கும்போது வாயில் நுரை, காலெல்லாம் சாணி. எடையில் இளைத்தது ஒரு கன்றின் தொடையளவு. வாங்க வந்தவன் அவற்றைப் பார்த்து மூக்கைச் சுளித்தது இன்னும் எனக்கு எரிகிறது. வாசிங்கர் கன்றைப் பார்த்து எவனும் மூக்கைச் சுளித்ததில்லை, அன்றைக்குத் தவிர.

"கையெழுத்துப் போடு," என்றேன்.

"எதுக்கு?" அவள் கண் சுருங்கியது. "இவ்வளவு சுலபமா ஒத்துக்கிறீங்க, என்ன விஷயம்?"

"அம்மா தாயே, ஒரு விஷயமும் இல்ல. போடு!"

நான் சொன்னதும் அவள் போட்டுவிடவில்லை. காகிதம் முழுவதையும், பின்பக்கத்துப் பொடி எழுத்தோடு, விரலை வைத்து வாசித்து முடித்துவிட்டுத்தான் போட்டாள். கெண்டல் அதற்குள் இரண்டு காப்பி குடித்துவிட்டான்.

அடுத்த நாள் காப்பி மேசையில் விஷயத்தை நானே எடுத்தேன். ஆறு சிலிண்டர், ஒண்ணேகால் கேலன், யார் செலவு, எல்லாம் சொன்னேன். முணுமுணுத்தவர்களிடம், கன்றின் எடையில் இழப்பதோடு ஒப்பிட்டால் இது தூசு என்று எடுத்துச் சொன்னதும் நான்தான். நான் சொன்னால் கேட்பார்கள். ஆர்வெல்லா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, இதில் எனக்கு என்ன லாபம் என்று தேடுவதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர்கூடக் கோடியிடம் போகவில்லை. அவள் ட்ரெய்லர் விற்பனைக்கு வரவில்லை.

அக்டோபரில் முதல் நடை என்னுடையது. கொட்டகையில் கன்றுகளை இறக்கிவிட்டுப் பம்புக்கு வந்தோம். நான் குழாயைச் செருகினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். குழாய் டக்கென்று நின்றது. நான் வெளியே எடுக்கப் போனேன்.

"இன்னும் கொஞ்சம் புடிக்கும்," என்றாள். "ஊத்துங்க."

ஊற்றினேன். குழாயை மாட்டிவிட்டு மூடியைத் திருகி ஏறி உட்கார்ந்தேன். வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தால், அவள் மூடியை மறுபடி திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.