எரிமலையும் கோலி சோடாவும்

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் எங்கள் அலுவலகத்துக்குத் தொப்பியோடு வந்த ஒரே குமாஸ்தா அவர்; பிரெஞ்சு வழக்கப்படி 'ஐயா' என்பதற்கு 'முசே' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர்களின் ரியூனியன் தீவில், ஒரு எரிமலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரி திரும்பியவர். கோலி சோடாவைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, காற்றைச் சிறிது சிறிதாக விட்டுத்தான் திறப்பார்.

"ஒரே எரிமலை ஒரு வருஷம் கஞ்சி மாதிரி வழியுது, இன்னொரு வருஷம் வெடிக்குது. ஏன் முசே?" என்று கேட்டேன்.

"குழம்பு மெதுவா ஏறுனா உள்ள இருக்கற காத்து வழியிலயே போயிடும், சும்மா வழியும். வேகமா ஏறுனாலும் வழி அடைச்சிக்கிட்டாலும் காத்து மாட்டிக்கும். அப்புறம் வெடிதான். நீங்க வெடிக்க மாட்டீங்க. ஜோக்கடிச்சே காத்த வுட்டுடறீங்க."

பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாக வந்த மேலதிகாரி அவரைத் தினமும் "பழைய எஜமானோட நாய்" என்றார். சோடாவைத் திறக்கத் தெரிந்தவர் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது மாதம் மைக்கூடு பறந்தது. அதிகாரியின் வெள்ளைச் சட்டையெல்லாம் மசி. குமாஸ்தாவுக்கு அன்றே வேலை போயிற்று.

குமாஸ்தாவை மரியாதையாகத்தான் நடத்தினேன் என்று அதிகாரி எழுதிவைத்த சாட்சிக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து அந்தச் சட்டையைப் பற்றி ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கணக்குத் தப்பவில்லை. நான் வெடிக்கவில்லை.